அனுப்புநர் இல்லாத கடிதம்

பள்ளியில் எங்களுக்குக் கடிதம் எழுதப் பழக்கிய தமிழாசிரியை ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கறார். உள்ளே எத்தனை பிழை இருந்தாலும் சிவப்பு மையால் சுழித்துவிட்டு மதிப்பெண் போடுவார். 'அனுப்புநர்' என்று தொடங்காத தாளை மட்டும் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். 'பெறுநர்' எல்லாம் அவருக்கு அடுத்தபடிதான். யார், எங்கிருந்து எழுதுகிறார் என்றே தெரியாத கடிதத்துக்கு எவர் பதில் போடுவார் என்று கேட்பார். பல ஆண்டுகள் கழித்து, ஒரு கல்லூரியின் சர்வர் அறையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குளிரில் நின்றபோது அந்தக் கேள்வி மறுபடி நினைவுக்கு வந்தது.

நான் நூலக அறிவியல் படித்தவள். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். அட்டைப் பெட்டிகளில் இருந்ததைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது; விழுந்த இடத்திலேயே ருசி கண்டுவிட்டேன். இப்போது கல்லூரி கல்லூரியாகப் போய் கோஹா நிறுவித் தருவதுதான் பிழைப்பு.

கோஹாவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நூலகத்தின் பட்டியல், புத்தகம் வழங்குதல், திரும்பப் பெறுதல், தாமதக் கட்டணம் எல்லாவற்றையும் கவனிக்கும் கட்டற்ற மென்பொருள் அது. நியூசிலாந்தில், லெவின் என்ற சிற்றூரை மையமாகக் கொண்ட ஹொரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. அவர்கள் வைத்திருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற பயத்தில் பிறந்த பிள்ளை. மாவோரி மொழியில் கோஹா என்றால் விருந்துக்கு வருபவர் கொண்டுவரும் அன்பளிப்பு. வாங்கிக்கொண்டவர் ஒருநாள் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அதற்குள் உண்டு. நம் ஊர் மொய்தான். கல்யாண மண்டபத்தில் மொய் நோட்டுடன் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த மென்பொருளின் தத்துவத்தை விளக்கவே தேவையில்லை.

சாதாரணமாக நான் போகும் இடங்களில் ஒரே ஒரு பெட்டி இருக்கும். கோஹாவும் அதில்தான், அதற்கான தரவுத்தளமாகிய மரியாடிபியும் அதில்தான். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, கோஹாவைப் போட்டு, ஒரு கட்டளை கொடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். இந்தக் கல்லூரியில் அப்படி இல்லை. தென் மாவட்டம் ஒன்றில் இருக்கிறது, பெயர் வேண்டாம். தரவு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும், அந்த இடத்துக்குத்தான் யுபிஎஸ்ஸும் இரவு நேர நகலெடுப்பும் உண்டு என்று அவர்கள் ஒரு கொள்கை முடிவு எடுத்திருந்தார்கள். நல்ல முடிவுதான், குறை சொல்வதற்கில்லை. ஆகவே கோஹா நூலகக் கட்டடத்தில் ஒரு சர்வரில். அதன் தரவுத்தளம் நிர்வாகக் கட்டடத்தின் சர்வர் அறையில், ஏற்கெனவே கட்டண வசூல் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில். நடுவில் ஒரு வேப்பமரம், ஒரு சைக்கிள் நிறுத்தம், ஃபயர்வால் என்ற ஒரு வலையமைப்புக் காவல்காரன்.

கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் எல்லாம் ஓடியாகவேண்டும்.

மாட்டுத்தாவணியில் காலை 5 மணி பஸ்ஸைப் பிடித்து 8.30க்குப் போய்ச் சேர்ந்தேன். தரவுத்தள சர்வரைப் பார்த்துக்கொள்பவர் படிப்பு முடித்து இரண்டு ஆண்டு ஆன இளைஞர். தம்பி என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை மேடம் என்றார். பொறுப்பான பிள்ளை. அதனால்தான் அந்தப் பெட்டியின் கடவுச்சொல்லை என்னிடம் கொடுக்க மறுத்துவிட்டார். என்ன வேண்டுமோ சொல்லுங்கள், நானே செய்கிறேன் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இந்த நிலைமைக்கென்றே கோஹாவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தரவுத்தளத்தை நாமே உருவாக்க முடியாதபோது, 'கோரிக்கை மட்டும் எழுது' என்று அதற்குச் சொல்லலாம். அது தன் பங்கு வேலையை முடித்துவிட்டு ஒரு சிறிய உரைக்கோப்பை எழுதி வைக்கும். கோப்பு என்று சொல்வதைவிடக் கடிதம் என்று சொல்வதே பொருத்தம். இன்ன சர்வரில் கீழ்க்கண்டவாறு ஒரு தரவுத்தளமும் ஒரு பயனரும் உருவாக்கித் தரவும். தரவுத்தளத்தின் பெயர் இது, பயனரின் பெயர் இது, கடவுச்சொல் இது, நன்றி. திரையிலும் ஒரு குறிப்பு வரும்: இதை உரியவரிடம் சேர்ப்பித்துவிட்டு, பிறகு அடுத்த கட்டளையைக் கொடுக்கவும். எத்தனையோ மென்பொருள்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மரியாதையாக இன்னொருவருக்கு மனு எழுதித் தரும் மென்பொருள் வேறொன்றைப் பார்த்ததில்லை. முதல்முறை அந்த 'நன்றி'யைப் பார்த்துச் சிரித்தேன்.

தம்பியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன் மேடம் என்றார். நான் வேப்பமரத்தைக் கடந்து நூலகத்துக்கு வந்து அடுத்த கட்டளையைக் கொடுத்துவிட்டு, உலாவியில் நிறுவல் பக்கத்தைத் திறந்தேன். வந்தது பிழை. பதிவேட்டைத் திறந்து பார்த்தால் எண் 2002. உள்ளூர் தரவுத்தள சர்வருடன் சாக்கெட் வழியாகத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றது. கடைசியில் அடைப்புக்குள் ஒரு 2. அந்தக் கோப்பே இல்லை என்று அதற்கு அர்த்தம்.

உள்ளூரா? எந்த உள்ளூர்?

கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 'இன்ன சர்வரில்' என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தது.

தவறு முழுக்க என்னுடையது. தரவுத்தளம் வேறு பெட்டியில் இருக்கிறது என்பதைக் கோஹாவின் அமைப்புக் கோப்பு ஒன்றில் முன்கூட்டியே எழுதியிருக்கவேண்டும். ஒற்றைப் பெட்டிகளாகவே நிறுவிப் பழகிய கை, அந்தக் கோப்பைத் திறக்க மறந்துவிட்டது. கோஹா தன்னிடம் இருந்ததை வைத்து, 'இதே பெட்டியில்' என்ற பொருளில் கடிதம் எழுதியது. அந்தக் கடிதம் நடந்துபோய்த் தம்பியின் மேசையில் உட்கார்ந்ததும் அதன் பொருள் மாறிவிட்டது. அவர் உட்கார்ந்திருக்கும் பெட்டியும் அவருக்கு லோக்கல்ஹோஸ்ட்தானே. கடிதத்தில் சொன்னபடியே, தன் பெட்டியில், லோக்கல்ஹோஸ்டிலிருந்து வரும் பயனர் ஒருவரை உருவாக்கி வைத்துவிட்டார். அவர் செய்ததும் சரி, கோஹா செய்ததும் சரி. 'இங்கே' என்ற சொல்லை நூலகத்தில் எழுதி நிர்வாகக் கட்டடத்தில் படித்தால் இப்படித்தான் ஆகும்.

இந்த லோக்கல்ஹோஸ்ட் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பலரும் இதை 127.0.0.1 என்ற முகவரிக்கு மறுபெயர் என்றே நினைக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி குடும்பத்தில் அப்படி இல்லை. லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று சொன்னால், தரவுத்தளத்தின் வாடிக்கையாளர் நிரல் வலையமைப்புப் பக்கமே போகாது. அதே பெட்டியில் இருக்கும் சாக்கெட் கோப்பு ஒன்றின் வழியாகப் பேசப் பார்க்கும். போர்ட் எண் (பெட்டியில் எந்தக் கதவு என்று சொல்லும் எண்) கொடுத்தாலும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அதனால்தான் பிழைச்செய்தியில் முகவரியே இல்லை, கோப்பின் பெயர்தான் இருந்தது. நூலகப் பெட்டியில் மரியாடிபி நிறுவப்படாததால் அந்தக் கோப்பும் இல்லை. ஒருவேளை பழக்கதோஷத்தில் அதையும் நிறுவித் தொலைத்திருந்தால் வேறொரு பிழை வந்து, இன்னும் அரை நாள் சுற்றியிருப்பேன்.

அமைப்புக் கோப்பைத் திருத்தினேன். கடிதம் எழுதுவதற்கு முன்பே கோஹா தன் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பிலும் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி வைத்துவிட்டிருந்தது. அதையும் கண்டுபிடித்து தரவுத்தளப் பெட்டியின் முகவரியான 10.20.1.10 என்று மாற்றினேன். மறுபடி முயன்றால், திரை சும்மா இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றுவிட்டு, 2003 என்றது. அடைப்புக்குள் 110.

தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். "பிங் போகிறதே மேடம்," என்றார்.

இந்த வாக்கியத்தை எத்தனை ஊர்களில், எத்தனை குரல்களில் கேட்டிருப்பேன் என்று கணக்கு வைத்திருந்தால் அதுவே ஒரு பதிவேடாகியிருக்கும். பிங் என்பது ஒரு பெட்டியை 'இருக்கிறாயா' என்று கேட்கும் சின்ன அழைப்பு. அது போவதற்கு அர்த்தம், அந்தத் தெருவில் அந்த வீடு இருக்கிறது என்பது மட்டும்தான். எந்தக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் தெரியாது. மரியாடிபி 3306 என்ற போர்ட்டில் காத்திருக்கிறது. அந்தப் போர்ட்டைத் தட்டிப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

தட்டும்போது கிடைக்கும் பதில் இரண்டு வகை. கேட்டவுடன் 'வேண்டாம், போ' என்று முகத்தில் அடித்தாற்போல வந்தால், அது 111. வீடு வரை போய்விட்டோம், அந்தக் கதவில் யாரும் இல்லை என்று பொருள். தட்டிக்கொண்டே நிற்கிறோம், ஒரு சத்தமும் இல்லை என்றால் 110. பெரும்பாலும் நடுவழியில் ஃபயர்வால் நம் தரவுப் பொட்டலத்தை வாங்கி, பதில் சொல்லாமல் தூரப் போட்டுவிட்டது என்று பொருள். மறுப்பைவிட மௌனம் மோசம். மறுப்பில் குறைந்தபட்சம் எதிரே ஒரு குரல் இருக்கிறது.

ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்பவர் வெளி ஒப்பந்தக்காரர். அவர் இருந்தது மதுரையில். நான் காலையில் விட்டுவிட்டு வந்த அதே மதுரையில். தொலைபேசியில் பிடித்து, நூலகத்திலிருந்து 3306க்கு வழிவிடச் சொல்வதற்குள் மணி 2 ஆகிவிட்டது. வழி திறந்தது, 110 போய் 111 வந்தது. தம்பி முகம் வாடினார். நான் மகிழ்ந்தேன்.

இந்த 111க்குக் காரணம் பழகியதுதான். டெபியனில் மரியாடிபி நிறுவினால் அது 127.0.0.1இல் மட்டும் காது கொடுக்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பு அதற்குக் கேட்காது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கட்டண மென்பொருள் அதே பெட்டியில் இருந்ததால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை. தம்பி முதன்மை அமைப்புக் கோப்பில், வெளி அழைப்பையும் கேட்கச் சொல்லும் வரியைச் சேர்த்தார். பலனில்லை, ஏனென்றால் உள்ளே இன்னொரு அடைவில் 50 என்று தொடங்கும் கோப்பு ஒன்று பிற்பாடு படிக்கப்பட்டு, முன்னே சொன்னதை அழித்துவிடுகிறது. அதைக் காட்டினேன். மாற்றினார். ஆனால் இந்த மாற்றம் நடைமுறைக்கு வர மரியாடிபியை நிறுத்தித் தொடங்கவேண்டும். கட்டணக் கவுன்ட்டரில் வரிசை நின்றுகொண்டிருந்தது. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாளாம். மாலை 5.30 வரை காத்திருந்தோம். நான் நூலகத்தில் பார்கோடு ஒட்டுபவர்களோடு உட்கார்ந்து ஒரு முந்நூறு புத்தகம் ஒட்டினேன். அன்று உருப்படியாக நடந்த வேலை அதுதான்.

5.40க்கு மறுதொடக்கம். கட்டளை கொடுத்தேன். 1130.

இங்கே நிறுத்தி, நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி பிழை எண்களில் 2000த்தில் தொடங்குபவை நம் பக்கத்து நிரல் சொல்பவை. 1000த்தில் தொடங்குபவை அந்தப் பக்கத்து சர்வரே சொல்பவை. 2002, 2003 என்று வரும்வரை எதிர்வீட்டுக்காரர் நம்மோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவரது கடவுச்சொல்லையும் உரிமைகளையும் குடைவது வீண். 1045, 1130 என்று வந்துவிட்டால் வலையமைப்பு, ஃபயர்வால், போர்ட் எல்லாம் தாண்டி அவர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம்; கம்பியைப் பிடுங்கிச் செருகுவது வீண். எத்தனை பேர் 1045க்காக ஃபயர்வாலை அணைத்துப் பார்க்கிறார்கள் தெரியுமா? செய்தியைப் படிப்பதற்கு முன், அதைச் சொல்வது யார், எங்கே நின்று சொல்கிறார் என்று பார்க்கவேண்டும்.

1130 சொன்னது இது: 10.20.1.1 என்ற இடத்திலிருந்து வருபவருக்கு இந்த சர்வரில் அனுமதி இல்லை.

தம்பி அதற்குள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மரியாடிபியில் பயனர் என்பவர் வெறும் பெயர் அல்லர். பெயரும் இடமும் சேர்ந்தவர். வகுப்பில் மூன்று முருகன் இருந்தால் கோவில்பட்டி முருகன், சாத்தூர் முருகன் என்று ஊரைச் சேர்த்துச் சொல்கிறோம் இல்லையா, அப்படி. லோக்கல்ஹோஸ்ட் முருகனுக்குக் கொடுத்த உரிமை 10.20.4.15 முருகனுக்குச் செல்லாது. இருவரும் வெவ்வேறு ஆள்கள். அதனால் நூலகப் பெட்டியின் முகவரியான 10.20.4.15ஐச் சேர்த்துப் புதுப் பயனரை உருவாக்கியிருந்தார். "உங்கள் முகவரி அதுதானே மேடம்?" அதுதான். நானே சொன்னதுதான். என் பெட்டியில் பார்த்தாலும் 4.15 என்றுதான் இருக்கிறது.

பிறகு யார் இந்த 1.1?

நானும் அவரும் நூலகத்துக்கும் சர்வர் அறைக்கும் நாலு முறை நடந்தோம். அவர் உரிமைகளை அழித்து மறுபடி கொடுத்தார். நான் என் முகவரியை மறுபடி பார்த்தேன். இருவரும் அவரவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, என் பக்கம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். உண்மையிலேயே இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தன. பிழைச்செய்தியிலேயே விடை இருந்தது, இருவரும் அதைப் படிக்காமல் எழுத்துப்பிழை போலத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். அந்த முகவரி, நான் என்னை யாரென்று நினைக்கிறேன் என்பதல்ல. சர்வரின் கண்ணுக்கு நான் யாராகத் தெரிகிறேன் என்பது.

10.20.1.1 ஃபயர்வாலின் முகவரி. நூலகத்து வலையமைப்பிலிருந்து சர்வர் அறைக்குப் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் இருந்த அனுப்புநர் முகவரியைக் கிழித்துவிட்டுத் தன் முகவரியை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. இணையத்துக்குப் போகும்போது அப்படிச் செய்வது அவசியம். வளாகத்துக்குள்ளேயே கட்டடத்துக்குக் கட்டடம் செய்வதற்குத் தேவை எதுவும் இல்லை; யாரோ எப்போதோ ஒரு விதியைப் பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டார்கள்.

தமிழாசிரியை நினைவுக்கு வந்தது அப்போதுதான். கோஹா எழுதிய கடிதத்தில் தரவுத்தளத்தின் பெயர் இருந்தது, பயனர் பெயர் இருந்தது, கடவுச்சொல் இருந்தது, நன்றி கூட இருந்தது. பயனர் எங்கிருந்து வருவார் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அதை நான் சேர்த்திருக்கவேண்டும். சேர்த்திருந்தாலும் வழியில் ஃபயர்வால் அழித்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் பலரும் சொல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு. இடத்துக்குப் பதில் % குறியைப் போட்டுவிடு, எங்கிருந்து வந்தாலும் உள்ளே விட்டுவிடும். தம்பியும் அதைத்தான் இணையத்தில் பார்த்துவிட்டுக் கேட்டார். வேலை செய்யும், நிச்சயமாகச் செய்யும். ஆனால் ஆயிரக்கணக்கான மாணவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் இருக்கப்போகும் தரவுத்தளம் அது. பொதுக் கணினிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கடவுச்சொல்லை எங்கோ பார்த்துவிட்டால் போதும். 1.1க்கு உரிமை கொடுப்பதும் கிட்டத்தட்ட அதே கதைதான். நூலகத்து வலையமைப்பில் இருக்கும் எல்லாப் பெட்டியும் அந்த முகமூடியோடுதான் வரும். அன்று இரவுக்கு மட்டும் 1.1க்கு உரிமை கொடுத்து வேலையைத் தொடர்வது, ஃபயர்வால் விதி மாறியதும் அதை நீக்கிவிடுவது என்று முடிவு செய்தோம். மதுரைக்காரர் மூன்றாவது நாள் விதியை மாற்றினார். அதே நாளில் தம்பி 1.1ஐ நீக்கினார் என்பதை இங்கே எழுதியாகவேண்டும். தற்காலிகம் என்று சொன்னதை உண்மையிலேயே தற்காலிகமாக வைத்திருந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

1130 போனது, 1045 வந்தது. கடவுச்சொல் தவறு. கடிதத்தில் கோஹா எழுதித் தந்த கடவுச்சொல்லில் எழுத்தும் எண்ணும் மட்டுமே இருந்தன. சிறப்புக் குறி ஒன்றாவது இருக்கவேண்டும் என்பது கணினி மையத்தின் விதி என்பதால் தம்பி வேறொன்று வைத்துவிட்டார். சொல்ல மறந்துவிட்டார். புதியதை வாங்கி எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதினேன். இப்போது பக்கமே வரவில்லை, சர்வரில் பிழை என்று வெறுமையாக நின்றது. புதிய கடவுச்சொல்லின் நடுவில் ஒரு & இருந்தது. எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறி தனித்து நிற்கக்கூடாது. தனக்குப் பின்னால் ஒரு சொல் வரும் என்று எதிர்பார்த்து, கோப்பு முழுவதையும் குலைத்துவிடும். இதை ஏற்கெனவே இரண்டு ஊர்களில் பட்டிருக்கிறேன் என்பதால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. & வேண்டாம், வேறு ஏதாவது குறி போடுங்கள் தம்பி என்றேன்.

இரவு 8.10க்கு நிறுவல் பக்கம் வந்தது. தொடர்பு ஏற்பட்டது, தரவுத்தளம் இருக்கிறது, பயனருக்குத் தேவையான உரிமைகள் இருக்கின்றன என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலை இல்லாதிருந்தால் கை தட்டியிருப்பேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்கமாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து நூலகரிடமிருந்து அழைப்பு. தினமும் காலையில் முதல் புத்தகம் வழங்கும்போது திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது, பதினைந்து நிமிடம்வரை ஆகிறது, சில நாள் பெட்டியை அணைத்துப் போட்டால்தான் சரியாகிறது என்றார். காலை 9 மணிக்கு வகுப்புக்கு ஓடவேண்டிய பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931இல் எழுதிவைத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலக அறிவியல் படித்தவர்கள் எல்லாரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அதை ஒப்பித்தவள் நிறுவிக்கொடுத்த மென்பொருள் தினமும் கால் மணி நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

மறுபடி 5 மணி பஸ்.

தம்பி இந்த முறை முன்கூட்டியே மரியாடிபியின் பிழைப் பதிவேட்டை எடுத்து வைத்திருந்தார். தினமும் ஒரே மாதிரி இரண்டு வரி: நூலகத்திலிருந்து வந்த இணைப்பு கைவிடப்பட்டது, அடுத்த செய்திக்காகக் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது. நேரத்தைப் பார்த்தால் இரவு 7.30 அல்லது அதற்குச் சற்று முன்பின். நூலகம் 5 மணிக்கு மூடிவிடுகிறது. 7.30க்கு உள்ளே யார்? நூலகர் இரவுக் காவலரைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பாவம், அவருக்குக் கணினியைத் திறக்கவே தெரியாது.

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மரியாடிபி, பேசாமல் இருக்கும் இணைப்பை 28,800 வினாடி பொறுத்துக்கொள்ளும். எட்டு மணி நேரம். 5 மணிக்குக் கடைசிப் புத்தகம் என்றால் எட்டு மணி நேரம் கழித்து இரவு 1 மணி. 7.30 இல்லை. ஐந்தரை மணி நேரம் இடிக்கிறது. ஐந்தரை என்ற எண் வந்தவுடன் இந்தியாவில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. தரவுத்தள சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காவலரிடம் மன்னிப்புக் கேட்டோம். கடிகாரத்தை மாற்றுவதற்கு முன், கட்டண மென்பொருள் எந்த நேரத்தைப் பயன்படுத்துகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அது தனிக் கதை.

இரவு 1 மணிக்கு சர்வர் இணைப்பை முடித்துக்கொள்கிறது, சரி. அதை நூலகப் பெட்டிக்குச் சொல்லிவிட்டுத்தானே முடிக்கும்? சொன்னால் கோஹா காலையில் புது இணைப்பு போட்டுக்கொள்ளுமே? ஏன் கால் மணி நேரம் விழிக்கிறது?

இதற்கு விடை சொன்னவர் நூலகத்தின் அட்டெண்டர். ஓய்வுபெற இன்னும் ஓர் ஆண்டு இருக்கும் மனிதர். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "காலையில் மட்டும் இல்லையம்மா," என்றார். "போன வாரம் மாதிரித் தேர்வு நடந்தபோது மதியமும் இப்படித்தான் ஆயிற்று. ஒரு மணி நேரம் யாரும் தொடாமல் விட்டால் தூங்கிவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் ஒன்றும் ஆவதில்லை."

ஒரு மணி நேரம். எட்டு இல்லை.

மதுரைக்காரருக்கு மறுபடி தொலைபேசி. ஃபயர்வால் தன் வழியாகப் போகும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு பட்டியலில் குறித்துவைக்கும். பேச்சு இல்லாத இணைப்பை ஒரு கெடுவுக்குப் பிறகு பட்டியலிலிருந்து அடித்துவிடும். அங்கே கெடு எவ்வளவு என்று கேட்டேன். 3,600 வினாடி என்றார். அடிப்பதோடு சரி, இரண்டு பக்கத்துக்கும் அதைச் சொல்வதில்லை. இரவு 1 மணிக்கு சர்வர் அனுப்பும் விடைபெறுதலையும் பட்டியலில் இல்லாத ஆள் என்று தூரப் போட்டுவிடும். நூலகப் பெட்டியைப் பொறுத்தவரை நேற்றைய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. காலையில் அதன் வழியாகக் கேள்வியை அனுப்புகிறது, பதில் இல்லை. மறுபடி அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், லினக்ஸ் கைவிடுவதற்குக் கிட்டத்தட்ட 15 நிமிடம் ஆகும். கோஹாவில் இந்த வேலையைப் பார்க்கும் பணியாளர் நிரல்கள் வழக்கமாக இரண்டுதான். இரண்டும் ஒவ்வொரு செத்த இணைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் மூன்றாவதாகக் கேட்க ஆள் இல்லை.

லினக்ஸிலேயே இதற்கு மருந்து உண்டு. பேச்சில்லாத இணைப்பில் அவ்வப்போது 'இருக்கிறாயா' என்று சின்னதாக ஒரு தட்டுத் தட்டும். ஆனால் முதல் தட்டுக்கு முன் அது காத்திருக்கும் நேரம் 7,200 வினாடி. ஃபயர்வாலின் கெடுவைப்போல இரு மடங்கு. நோயாளி இறந்து ஒரு மணி நேரம் கழித்து நாடி பார்க்க வருவதைப் போல. அந்த எண்ணை 600 ஆக்கினேன், நூலகப் பெட்டியிலும் தம்பியின் பெட்டியிலும். மறுதொடக்கத்தில் அழியாதபடி கோப்பிலும் எழுதினேன். கோஹாவை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினேன், பழைய இணைப்புகள் போய்ப் புதியவை வருவதற்காக. மொத்த வேலை ஐந்து நிமிடம்.

மறுநாள் காலை 8.45க்கு அட்டெண்டரே தொலைபேசியில் அழைத்தார். விழித்துக்கொண்டே இருக்கிறதம்மா என்றார்.

அந்த ஐந்து நிமிடத்துக்கு நான் அனுப்பிய பில் திரும்பி வந்தது. வேலையின் விவரம் என்ற இடத்தில் 'ஒரு எண் மாற்றப்பட்டது' என்று எழுதியிருந்தேன், உண்மையும் அதுதான். கணக்குப் பிரிவில் அதைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, எந்தச் சர்வரில் செய்த வேலை என்று கேட்டிருந்தார்கள். நூலகச் சர்வர் என்றால் நூலக நிதி, தரவுத்தளச் சர்வர் என்றால் கணினி மைய நிதி; இரண்டுக்கும் வெவ்வேறு கையொப்பம். இரண்டுக்கும் நடுவில் செய்த வேலை என்று எழுதத்தான் ஆசை. அதற்குத் தலைப்பு இல்லை. தம்பியிடம் கேட்டேன், எந்த நிதியில் காசோலை சீக்கிரம் வரும் என்று. நூலகம் என்றார். நூலகம் என்று எழுதி, இடப்பக்க மூலையில் என் முகவரியைத் தெளிவாகப் போட்டு, மறுபடி அனுப்பியிருக்கிறேன்.